கிளி விட்ட சிவப்புக் காய்

"என்னங்க, எந்திரிங்க. உங்க மக யாரோ முன்னப்பின்ன தெரியாத ஆள்கூட தினம் விளையாடிக்கிட்டு இருக்கா."

விடிவதற்கு முன்பே போய், காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்து பாயில் சுருண்டிருந்த ஜமீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பிள்ளைன்னா விளையாடத்தான் செய்யும், ஜெஸிமா."

"தெருவுல இல்லங்க, போன்ல! இன்னைக்கு ஸ்கூல் மீட்டிங்ல டீச்சர் சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்களோட நெட்ல விளையாடுற மாதிரி வந்து சேருற ஆளுங்க இருக்காங்களாம். மொதல்ல வேணும்னே தோத்துக் குடுப்பாங்களாம். பிள்ளை நல்லா ஒட்டிக்கிட்டதும், போட்டோ அனுப்பு, வீடு எங்கன்னு கேட்பாங்களாம்."

ஜமீல் எழுந்து உட்கார்ந்தான். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

மூலையில், சுவரில் சாய்ந்தபடி அனிஷா போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. அத்தா தூங்குகிற நேரம் என்பதால் போனில் சத்தத்தை ஜெஸிமா அடைத்து வைத்திருந்தாள். பிள்ளையின் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் வீடு அமைதியாக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அலறியது. அது ஜமீலின் அண்ணன் தாஜுதீன் வீடு. ஒரே வீடாக இருந்ததுதான். அவர்களுடைய அத்தா மௌத்தாகி அடக்கமான பிறகு நடுவில் சுவர் எழுப்பினார்கள். மாடிப்படி யார் பக்கம் என்பதில் வார்த்தை தடித்துப்போய், மூன்று வருஷமாக ஒரு சலாம்கூடக் கிடையாது.

"உங்க அண்ணனுக்குக் காது மந்தம்னா டிவிய ஊருக்கே வைக்கணுமா?" என்று ஜெஸிமா சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "போதாததுக்கு இப்ப சேவல் வேற வாங்கி விட்டிருக்காங்க போல. விடியக்காலையில கூவாம சாயங்காலம் கூவுது. சேவலும் அந்த வீட்டு ஆளுங்க மாதிரியே கோளாறு."

"அவங்க பேச்சு நமக்கெதுக்கு? விடு," என்ற ஜமீல் மகள் பக்கம் நகர்ந்தான். "அனிஷா, யாரும்மா இது?"

எதிராளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் கிளி படம்.

"கிளி."

"கிளிக்கு ஊரு எது?"

பிள்ளை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா? எப்பக் கேட்டாலும் இப்படித்தான் கல்லு மாதிரி உக்காந்திருக்கா," என்றாள் ஜெஸிமா.

"கண்டவங்களோட பேசக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"நான் பேசவே இல்ல அத்தா. விளையாடத்தான் செய்யறேன்."

அப்போது கிளியின் முறை வந்தது. சிவப்புக் காய் குழி வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஊதினாலே விழுந்துவிடும். கிளி அடித்த ஸ்டிரைக்கர் அதை உரசாமல் தாண்டிப் போய், பலகையின் ஓரத்தில் மோதிச் சும்மா திரும்பியது.

"சிவப்ப எப்பவும் எனக்கே விட்டுடும்," என்று அனிஷா சிரித்தாள்.

பாலக்கரைத் தெருக்களில் அண்ணனோடு கேரம் ஆடியே வளர்ந்தவன் ஜமீல். தவறி அடிப்பதற்கும் தவற விடுவதற்கும் வித்தியாசம் தெரியாதா? இது நன்றாக ஆடத் தெரிந்த கை. தெரிந்தே விடுகிற கை. டீச்சர் சொன்னது அப்படியே இருக்கிறதே!

"குடு போனை."

"பிளாக் பண்ணிடுங்க, ஒரேயடியா," என்றாள் ஜெஸிமா.

பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. "வேணாம் அத்தா. என்கூட விளையாட வேற யாரு இருக்கா?"

அந்தக் கேள்வி ஜமீலை எங்கேயோ குத்தியது. இந்தச் சந்தில் அவள் வயசுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை என்பது உண்மைதான். அதற்காக எவனோ ஒருவனிடமா பிள்ளையை விடுவது?

ஆனாலும் ஆட்டத்தை அப்படியே பாதியில் விட்டுப்போக அவனுக்கு மனசு வரவில்லை. இந்த வீட்டில் ஒரு ஆம்பளை இருக்கிறான் என்று அந்தக் கிளிக்குத் தெரிய வேண்டும்.

போனைத் தொடையில் வைத்துக்கொண்டு அடித்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல் கண்ணாடியில் முதலில் வழுக்கியது. பிறகு பழைய சூடு ஏறியது. சிவப்பு விழுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு வெள்ளை. மிச்சமிருந்ததும் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போயிற்று. கிளிக்கு இன்னொரு முறை கொடுக்கவே இல்லை.

"ஐ, அத்தா ஜெயிச்சிட்டாரு!" அழுகையை மறந்து அனிஷா கை தட்டினாள்.

"இத்தோட தொலைஞ்சான்," என்று ஜமீல் பிளாக் பண்ணுகிற இடத்தைத் தேடினான். "ஜெஸிமா, எதைத் தொடணும்?"

"இருங்க, டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க..."

"அத்தா, அத்தா! மொதல்ல இதத் தட்டணும்." அனிஷா அவசரமாகத் திரையின் ஓரத்தைக் காட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சேவல் படம். "ஜெயிச்சவங்க தட்டினா, தோத்தவங்க போன்ல அது கூவும்."

பிள்ளையின் கடைசி ஆசை, போகட்டும் என்று ஜமீல் தட்டினான்.

சத்தம் அடைத்த போன் அவன் கையில் சும்மா கிடக்க, சுவருக்கு அந்தப் பக்கம், டிவி சத்தத்தையும் மீறிக்கொண்டு சேவல் கூவியது.

ஜமீல் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய், காது மந்தமான மனிதருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே கேட்டான்: "இப்ப என் பிள்ளைக்குமா சிவப்ப விட்டுக் குடுக்கறீங்க, அண்ணே?"