மார்ட்டினிக்கு ஒரு ஸ்பிரிங்

"மார்ட்டினி துப்பாக்கிக்கு ஸ்பிரிங் இருக்கா?"

நப்ஹான் கேட்டதும், நிஸ்வா வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய துப்பாக்கிக் கடைக்காரர் தகர டப்பாவைக் குடைந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது ஒண்ணுதான். இனிமே எங்க தேடினாலும் கெடைக்காது."

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, நப்ஹான் அதை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பேரமே பேசலையே! துப்பாக்கி மேல அம்புட்டு ஆசையா?"

"நீங்க வேற!" என்று சிரித்தபடி நடையைக் கட்டினார்.

ஆசையாவது மண்ணாவது, எல்லாம் வயிற்றெரிச்சல். வீட்டுச் சுவரில் தொங்கும் அந்த ஆங்கிலேயப் பட்டாளத்துத் துப்பாக்கி, அவர் மனைவியின் முதல் புருஷன் ஹுமைதுடையது. ஆள் செத்துப் பல வருஷமாகிறது, ஸ்பிரிங்கும் அப்போதே உடைந்துவிட்டது. இப்போது ஹுமைதின் மகன் ஹைதம், தன் கல்யாணத்துக்குள் அதைச் சரிசெய்தே தீருவேன் என்று ஊர் ஊராக அலைகிறான்.

கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் தகப்பன்தான் துப்பாக்கியோடு முன்னால் போய், பெண் வீட்டு வாசலில் வெடிக்க வேண்டும். தகப்பன் இல்லையென்றால் பெரியப்பன். அதாவது, ஸூரிலிருந்து வரப்போகும் ஹுமைதின் அண்ணன் கல்ஃபான்.

நடை பழகிய நாளிலிருந்து ஹைதமைத் தோளில் தூக்கி வளர்த்தது யார், முன்னால் நடக்கப்போவது யார்? நினைக்க நினைக்க நப்ஹானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையனும் இன்றுவரை அவரை, சித்தப்பனைக் கூப்பிடுவது போல, "சாச்சா" என்றுதான் கூப்பிடுகிறான். அதனால்தான் அவனுக்கு முன்னால் ஓடி ஓடி ஸ்பிரிங்குகளை வாங்கிவிடுகிறார். போன வாரம் சினாவ் சந்தையில் கிடைத்தது அவர் பெட்டிக்குள் தூங்குகிறது.

வீட்டுக்கு வந்தால், ஹைதம் ஒரு புதுத் தோட்டா வாரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல தோல், ஆனால் நீளமோ நீளம். கல்ஃபான் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார், அவர் இடுப்பை இது இரண்டு சுற்றுச் சுற்றும். பையனைக் கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று நப்ஹான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, தொப்பையைத் தடவியபடி உட்கார்ந்தார்.

"ஸ்பிரிங் கெடைச்சுதா?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"இல்ல சாச்சா. நிஸ்வா கடைக்குப் போன் பண்ணிக் கேட்டா, எவனோ வாங்கிட்டுப் போயிட்டானாம். அவன் நல்லாவே இருக்க மாட்டான்!"

"விடுப்பா. பாவம், உங்க பெரிய வாப்பாதான் நாளைக்கு வெறுங்கையோட நடக்கணும்."

"அவர் ஏன் வெறுங்கையோட நடக்கிறாரு? அவர்கிட்டதான் சொந்தமா துப்பாக்கி இருக்கே. நம்ம வீட்டுது வெடிக்காதுன்னு ஆயிப்போச்சு. அதான், முன்னால நீங்களே போங்கன்னு இப்பதான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்."

நப்ஹானின் கை அங்கிப் பைக்குள் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"அப்ப... இவ்வளவு நாளா இந்தத் துப்பாக்கிக்கு அலைஞ்சதெல்லாம்?"

ஹைதம் தோட்டா வாரை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். அளவு எடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

"உங்களுக்குத்தான், வாப்பா."