ஒரே இடத்துக்கு இரண்டு நல்லசிவம்

ஓஹியோவில் ஒரு சின்ன ஊர். பள்ளி வாரியத்தில் ஒரே ஓர் இடம் காலி. அதற்குப் போட்டியிட்ட குமரேசன் நல்லசிவமும், போன முறை மூன்றே ஓட்டில் தோற்று இப்போது மறுபடி நிற்கும் தேன்மொழி நல்லசிவமும் ஓட்டுக் கேட்டு ஒரே நேரத்தில் டோரத்தி கிழவியின் வாசலில் வந்து நின்றார்கள்.

“ஒரு வீட்டுல ரெண்டு பேரா? குடும்ப ஆட்சிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்” என்றாள் டோரத்தி.

“ஐயோ, எங்களுக்குள்ள உறவே இல்லீங்க. இவரு மதுரை, நான் கோயம்புத்தூரு” என்று பதறினாள் தேன்மொழி.

“பின்னே நல்லசிவம் யாரு?”

“என் வீட்டுக்காரருங்க. அவர் பேரைத்தான் பின்னால போட்டிருக்கேன்.”

“உனக்கு?”

“எங்கப்பா” என்றார் குமரேசன். “எங்க பக்கம் அப்பா பேரைத்தான் போடுவோம்.”

டோரத்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாற்பது வயதுத் தேன்மொழியையும் வழுக்கை விழுந்த குமரேசனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நீ இவனுக்குச் சித்தியா? தாயில்லாப் பிள்ளையை எதிர்த்தா நிக்கிறே? மனசாட்சியே கிடையாதா உனக்கு?”

“அய்யய்யோ, இவரு அப்பா வேற, என் வீட்டுக்காரர் வேற! நீங்களாவது சொல்லுங்க சார்!”

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டு மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.