இடைவேளையில் ஒரு ஜாம்பி

“எந்திரிச்சு வந்தாச்சுல்ல, அப்படியே வீட்டுக்குப் போலாம். இனி ஒரு நிமிஷம் அந்தப் படத்த பாக்க மாட்டேன்.”

“இடைவேளைதான மதி விட்டிருக்கான். இன்னும் பாதிப் படம் கெடக்கு.”

தியேட்டர் வராந்தாவில் பாப்கார்ன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்திரத்தில் வளர்மதி குரலைத் தாழ்த்தவே இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் புருஷன் தணிகாசலம் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்; வாயும் கொஞ்சம் கோணியிருக்கிறது. படத்தில் செத்து எழுந்த ஜாம்பிகளும் அப்படியே காலை இழுத்துக்கொண்டு, வாய் கோணி வந்தன. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார்.

“உங்க நடையத்தாங்க கிண்டல் பண்றானுங்க. ரோஷமே வரலயா?”

“நம்ம தெருவுல நான் நடந்தா, பாவம்னு சொல்லி ஒதுங்குறாங்கடி. படத்துல பாரு, என்ன மாதிரி நடக்கறவனப் பாத்து மந்திரியே வேட்டி அவுந்தது தெரியாம ஓடுறான்!”

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அவருக்கு வழிவிட்டார்கள். “பாவம், அங்கிள் போகட்டும்” என்றாள் ஒருத்தி.

தணிகாசலம் நின்றார். நல்ல கையை நீட்டி, வாயை இன்னும் கோணலாக்கி, உறுமிக்கொண்டே அவர்களை நோக்கி நகர்ந்தார். இருவரும் பாப்கார்ன் சிதற அலறி ஓடி, தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

மணி அடித்தது. “வர்றியா?” என்றார் வளர்மதியிடம்.

அவளுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆட்டோ ஒன்று வாசலில் காலியாக நிற்கிறது. நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கீழே எழுதுங்கள்.