நடுக்கடலில் ஒரு புள்ளி

பளீலின் மீன்பிடிப் படகில் செய்மதிப் பெட்டியொன்றைப் பொருத்திப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள் ஆகிலா. போன் சிக்னல் எட்டாத கடலிலிருந்தும் படகு நிற்கும் இடத்தை அது ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவளுக்கும் பளீலின் மனைவி நஸ்லினுக்கும் அனுப்பியது. பதினெட்டு நாளில் ஒருமுறையும் தவறவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நஸ்லினுக்குக் கோல் எடுத்தாள்.

“ராத்தா, பெட்டி பாஸ்! பளீல் காக்கா இப்பவும் நடுக்கடல்லதானே?”

“இல்ல புள்ள, சாய்ந்தமருதுல, வீட்டுல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இரிக்கார்.”

ஆகிலா திரையைப் பார்த்தாள். புள்ளி நடுக்கடலில் இன்னும் கிழக்கே நகர்ந்திருந்தது.

“அப்ப போட்?”

“போன கிழமை கடலுக்குள்ள தாண்டு போச்சு. தண்ணி ஏறுதெண்டு ரேடியோவுல கத்தினாங்க. எங்க நிக்காங்கெண்டு பெட்டிதான் காட்டிச்சு. மத்தப் போட்டுக்காரங்க போய் நாலு பேரையும் ஏத்தி வந்தாங்க, அல்ஹம்துலில்லாஹ். பெட்டி மட்டும் கழண்டு மிதந்து போகுது போல.”

ஆகிலா திரையை அணைத்தாள்.

“பெட்டி போகட்டும் ராத்தா. காக்காக்கிட்ட போனக் குடுங்க.”