குழாய்க்கு ஒரு சொல்

வேலாயுதம் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் தடித்த நூலொன்றை மொழிபெயர்த்து முடித்திருந்தார். அவர் எழுதுவதற்கெல்லாம் மெய்ப்புப் பார்க்கும் மரியபுஷ்பம் அதன் எழுபத்தெட்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். ‘பேருந்து நிலையத்தில் கறுப்பர்களுக்குத் தனிக்குழாய் இருந்தது’ என்று அங்கே இருந்தது.

“இந்தச் சொல்லு சரியா வரல சார். தனிக்குழாய்னா ஏதோ வசதி செஞ்சு குடுத்த மாதிரி இருக்கு.”

“வேற என்னம்மா போடறது?”

“எங்க ஊர்லயும் ரெண்டு குழாய் இருந்துச்சு. எங்களுதுக்குப் பேரெல்லாம் கெடையாது. ‘அந்தப் பக்கம் போய்ப் பிடி’ம்பாங்க. அவ்வளவுதான்.”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். உடனே திறந்தார். இரண்டு வருடமாக வீட்டுக்கு வந்துபோகிறவளிடம் முதல்முறையாகக் கேட்டார்.

“எந்த ஊரும்மா நீ?”

“மேலச்செம்பூர் சார். கோவில்பட்டிக்குத் தெற்க.”

அது அவர் பிறந்த ஊர். பெரிய தெருவில், குழாய்க்கு நேர் எதிரே வீடு. அவருடைய அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அதே வார்த்தைகளைச் சொல்வார். பத்து வயதில் அவரும் சொல்லியிருக்கிறார்.

“உங்களுக்கு எந்த ஊரு சார்?”

“மதுரை” என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு அந்த வரியை அடித்து, அதற்கு மேலே வேறொரு வரி எழுதினாள். அவர் அலமாரிவரை போனார், திரும்பினார், மறுபடியும் போனார்.

“ஏன் சார் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க” என்றாள் அவள்.

அவர் உட்காரவில்லை.