வெள்ளிக்கிழமைச் சவரம்

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆரம்பிச்சுட்டியா, விஜி? கதவையாவது சாத்திக்கோயேன்."

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். நான் பாத்ரூம் கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அது ஒரு காரணம். சாத்தப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி சவரம் ஆகாது. லக்ஷ்மி வீட்டைவிட்டுப் போய்விடுவாளாம். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், போகிற வழியைக் காணோம்.

வெந்நீரில் ஊறிய பிரஷ்ஷை உதறி, பாயசக் கிண்ணத்தில் கிடந்த சந்தன சோப்பின் மேல் சுற்றினேன். அந்தக் கிண்ணத்தை அம்மா என்றைக்கோ கைகழுவிவிட்டாள்.

நுரை முதலில் தண்ணியாகத்தான் வரும். அவசரப்படக் கூடாது. சுற்றச் சுற்ற, ஃபில்டர் காப்பி நுரை தோற்றுப்போகும் அளவுக்குத் திரண்டு வரும். அதைச் சுடச்சுடக் கன்னத்தில் அப்பும்போது ஒரு சுகம் இருக்கிறது. அதற்காகவே தினமும் எழுந்திருக்கலாம்.

இன்றைக்கு எந்த ரேஸர் என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். என்னிடம் இருக்கும் பதினொன்றில் மூத்தது, அம்மாவைவிட நாலைந்து வயது பெரியது. சோர் பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே கறுத்துக் கிடந்ததை வாங்கிவந்து ஒரு வாரம் தேய்த்ததில் உள்ளே பித்தளை சிரித்தது.

அதன் பிடிக்கு அடியில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் தலை இரண்டு கதவுகளாகத் திறந்து பிளேடுக்கு இடம் கொடுக்கும். தெரியாதவர்கள் தலையைப் பிடித்து இழுப்பார்கள். தூசி தட்டும்போது அம்மா இன்னும் இழுக்கிறாள்.

அழுத்தவே கூடாது. ரேஸரின் கனமே போதும். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

"ஒம்பது மணிக்கு மாப்பிள்ளை ஆத்துக்காரா வரா. பத்தரைக்கு ராகுகாலம்," அம்மா வாசலில் வந்து நின்றாள். "காதுக்குக் கீழே நுரை, துடை."

துடைத்தேன். படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். பிறகு பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் முல்லைப்பூ வைத்துக்கொண்டேன்.

பதினாறு வயதில் என் மோவாயில் முளைத்தது. த்ரெட்டிங், வாக்ஸ், லேசர் எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் ஹார்மோன் என்றார். அம்மா தலையெழுத்து என்றாள். நான் சோர் பஜாருக்குப் போனேன்.

"கிஸ்கே லியே? ஹஸ்பண்டுக்கா?" என்று கடைக்கார பாய் பாதி ஹிந்தியில் பாதி தமிழில் கேட்டார். "மேரே லியே, எனக்குத்தான்" என்றேன். அன்றிலிருந்து நல்ல ரேஸர் வந்தால் எனக்கென்று எடுத்து வைக்கிறார்.

பாய்க்குப் புரிந்தது மூன்று வரன்களுக்குப் புரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே நான் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர்களிடமிருந்து போன் வராது.

"இந்தத் தடவை மட்டும் வாயைத் திறக்காதே," என்று அம்மா ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் இந்தத் தடவை பயமாக இருந்தது. நகுலை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு தடவை போனில் பேசி, இரண்டு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தேன். இருந்தாலும், ஹால் ஷோகேஸிலிருந்து ரேஸர்களை அம்மா எடுக்கச் சொன்னபோது எடுக்கவில்லை. பழையதைக்கூடத் துடைத்து அதன் இடத்திலேயே வைத்தேன்.

நகுல் அவன் அம்மாவோடு வந்தான். அப்பா இல்லாமல் அவள் தனியாக வளர்த்த பிள்ளை. மாமி பெயர் வந்தனா. பேச்சு குறைவு.

அவன் சொஜ்ஜியைத் தொடாமல் ஷோகேஸையே பார்த்தான். "இதெல்லாம் யாரோடது?"

"அவ அப்பாவோடது," என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள்.

சுவரில் மாலையோடு இருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து சலூனில் தாடையை நீட்டியவர் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேல் இல்லை. போயும் போயும் ஒரு முகத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் பயந்து உட்கார்ந்திருப்பதன் மேல்.

"என்னோடது," என்றேன். "தினம் சவரம் பண்ணிக்கறேன். இன்னிக்கும் பண்ணிண்டேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நகுல் சிரிக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஷோகேஸைத் திறந்து, அந்தப் பழைய ரேஸரை எடுத்து, தலையைப் பிடித்து இழுத்தான்.

"உடைச்சுடாதேடா."

மாமி அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். கண் என் மேலேயே இருக்க, விரல்கள் தாமாக அடியிலிருந்த குமிழைத் திருகின. இரண்டு கதவுகளும் திறந்தன.

"மோவாய்க்கு அடியிலே மட்டும் எதிர்ப்பக்கமா இழுக்காதே," என்றாள் என்னிடம். "கட்டி வரும்."

நான் அப்போதுதான் கவனித்தேன். மாமியின் காதுக்குக் கீழே, தோட்டை ஒட்டி, காய்ந்துபோன நுரை.

"மாமி, இங்கே," என்று என் காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன்.

அவள் கை சட்டென்று மேலே போனது. மகனைப் பார்த்தாள். அவன் அம்மாவை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷமும் கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன கை துடைக்காமலே இறங்கியது.

"இருக்கட்டும்," என்று மாமி சொஜ்ஜித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.