ஆணி டயரின் சத்தம்

பின்லாந்தின் வடக்கே இருக்கும் இவாலோ ஊர் டயர் கடையில் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கு எரிகிறது. வாசலில் கோலமாவு சிந்தியதுபோல முதல் பனி. பனிக்கால டயர் மாற்றும் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் ஹெல்கா, தபால் வண்டி ஓட்டுகிறவள், ஆணியில்லாத டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். ரப்பர் மெத்தென்று உள்வாங்குகிறது. "இதுதான் வேணும். சத்தமே இருக்காது, ரேடியோவாவது நிம்மதியாக் கேப்பேன்." அவள் கணவன் உர்போ பக்கத்து டயரைவிட்டு நகரவில்லை, அதில் பதித்திருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவுகிறான். "ஏரி ரோடு பூரா கண்ணாடி மாதிரி ஐஸு. ஆணிதான் புடிக்கும்." "எனக்கே பாடமா? போன வருஷம் வண்டியப் பள்ளத்துல எறக்குனது நானா, நீயா?" கடைக்காரப் பையன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொள்கிறான். உர்போவின் காது சிவக்கிறது. "அது வேற." "அப்ப உனக்கு என்னதான் பிரச்சினை?" அவன் ஆணியைப் பார்த்தே பேசுகிறான். "ஆணி டயர்னா நீ வீட்டுக்கிட்ட பாலத்துல ஏறும்போதே கரகரன்னு கேக்கும். நீ வந்துட்டேன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சு வரும். அப்பத்தான் காபிக்குத் தண்ணி வைப்பேன்." ஹெல்கா மெத்தென்ற டயரிலிருந்து மெதுவாகக் கையை எடுக்கிறாள். "நாலும் ஆணி டயராவே போடு தம்பி," என்கிறாள் கடைக்காரப் பையனிடம். "இந்தாளு போடுற காபி, ஆறிட்டா வாயில வைக்க முடியாது."